ஆறாவது கோட்டையின் கேட்

புதுகும்மிடிப்பூண்டி
10-6-2024

சாம்சனுக்கு,

அன்புள்ள என்று எழுதவில்லை. அதைக் கவனித்துக்கொள். இது சமாதானக் கடிதம் இல்லை. ஒரு விவரம் வேண்டும். அது உனக்குத்தான் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

உன் பழைய டிவி கேமில் ஏணிக்காரன் ஆட்டம் இருக்கிறதே, அதில் ஆறாவது கோட்டையின் கேட்டை எப்படித் தாண்டுவது? கேட் மேலே போகும்போது ஓடுகிறேன். ஏணிக்காரன் பாதி நுழைவதற்குள் கேட் அவன் தலையில் விழுகிறது. மூன்று உயிரும் அங்கேயே போகிறது. பிறகு திரும்பவும் முதல் கோட்டை, முதல் குழி. ஐந்து கோட்டைகளையும் தாண்டி அங்கே போய்ச் சேர ஒரு மத்தியானம் முழுக்க ஆகிறது எனக்கு.

கேட்டுக்குள் போவது எப்படி என்று உனக்குத் தெரியும். அதனால்தான் உன்னைக் கேட்கிறேன்.

அம்மா எதற்கு இதை ஆடுகிறாள் என்று நினைப்பாய். மழைக்கு முன்னால் பரணைச் சுத்தம் செய்தேன். உன் சாமான் எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரனிடம் போடத்தான் எடுத்தேன். வேலை செய்கிறதா என்று பார்க்க, டிவி ரிப்பேர் சாலமோனைக் கூப்பிட்டேன். பெரிய டப்பா டிவியைப் பார்த்து அவன் சிரித்தான். “யம்மா, இத்த குப்ப வண்டிக்காரன்கூட எடுக்க மாட்டான்.” “நீ எடுத்துக்கினு போவ வேணாம், ஒயர மாட்டு” என்றேன். கேசட்டை ஊதி உள்ளே போட்டான். அந்தப் பாட்டு வந்தது. நீ ஸ்கூல் விட்டு வந்ததும் இந்த வீட்டில் கேட்கும் பாட்டு. சாலமோன் போன பிறகு ஒரு தடவை ஆடிப் பார்த்தேன். முதல் குழியிலேயே விழுந்தேன். ஒரு விரல் அளவு பொம்மை என்னைத் தோற்கடிப்பதா?

போன் செய்யாதே. போனில் நீ பேசினால் நான் கேட்க வேண்டியிருக்கும். கடிதத்தில் நான் முடிக்கும்வரை நீ வாயைத் திறக்க முடியாது. விலாசம் பக்கத்து வீட்டு ஏஞ்சலின் புருஷன் ஜெரால்டு கொடுத்தது.

சின்னப்பொண்ணு

*

பரூச், குஜராத்
24-6-2024

அம்மாவுக்கு,

கவரில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். மூன்று வருஷத்தில் முதல் தடவை. கேன்டீனில் நின்றபடியே பிரித்தேன். ஊத்துக்கோட்டைப் பையன் பரத் என்னோடு ரூமில் இருக்கிறான். அவன் ஓடி வந்தான்.

“இன்னா மச்சி, ஊர்ல யாருக்கனா எதுனா ஆயிடுச்சா?”

“இல்லடா. எங்கம்மா ஆறாவது கோட்டைல மாட்டிக்கினு கீது.”

“உங்கம்மாகூட பேச்சே இல்லன்னியே?”

“இப்பவும் இல்ல.”

அவனுக்குப் புரியவில்லை. எனக்கும் முழுதாகப் புரியவில்லை.

நீ நன்றாக இருக்கிறாயா? இன்னும் அந்த மெஸ்ஸில்தான் வேலையா? மழைக்கு மேற்குச் சுவர் ஒழுகுகிறதா? கண் பரிசோதனைக்குப் போனாயா? நாலாவது கோட்டையில் தண்ணீர் ஏறுமே, அதை எப்படித் தாண்டினாய்? பத்து வயதில் எனக்கு அது வரவே வராது, அப்பாதான் ரிமோட்டை வாங்கித் தாண்டிக்கொடுப்பார்.

கேட் விஷயம் இருக்கட்டும். எனக்கும் ஒன்று கேட்க வேண்டும். போன வருஷம் சர்ச்சிலிருந்து வீடு வீடாகப் பாட வரும் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்டில், உனக்குப் பிள்ளையே இல்லை என்று சொன்னாயாமே. ஏஞ்சலின் அக்கா மெசேஜ் போட்டது. நிஜமா?

சாம்சன்

*

புதுகும்மிடிப்பூண்டி
8-7-2024

சாம்சனுக்கு,

நான் கேட்டது ஒன்று. நீ கேட்டது ஆறு. நான் கேட்டதற்குப் பதில் இல்லை.

நன்றாக இருக்கிறேன். மெஸ்ஸில் காலையில் வடநாட்டுப் பையன்களுக்கு ரொட்டி மாவு பிசைகிறேன். மத்தியானம் வீடு. மேற்குச் சுவர் ஒழுகும், அது என் சுவர். கட்டைவிரல் வலிக்கிறது. அது மாவினால் இல்லை, ரிமோட்டினால். கண் தெரிகிறது. தெரியாமலா இங்கிலீஷ் எழுத்து படிக்கிறேன்? தமிழை கம்பெனி நோட்டீஸ் போர்டைப் பார்த்துப் பார்த்து நானாகப் படித்தேன். இங்கிலீஷை இப்போது இந்தப் பெட்டி சொல்லிக்கொடுக்கிறது. ஸ்டார்ட், ஸ்டேஜ், கேம் ஓவர். கடைசியாகச் சொன்னது நன்றாகப் பழகிவிட்டது.

நாலாவது கோட்டையில் தண்ணீர் ஏறும்போது எல்லோரும் மேலே ஓடுவார்கள். நான் ஓடுவதில்லை. ஏணியை நிறுத்தி, அதன் உச்சியில் அப்படியே நிற்கிறேன். தண்ணீர் கழுத்துவரை வந்து இறங்குகிறது. பயந்தால்தான் சாவு. இதை உன் அப்பாவும் சாகும்வரை கண்டுபிடிக்கவில்லை.

கேரல் விஷயம். ஆமாம், சொன்னேன். பாஸ்டர் எல்லோர் முன்னாலும், “இன்னாம்மா, பண்டிகைக்கு சாம்சன் வரலியா?” என்றார். “எனக்குப் புள்ள இல்ல” என்றேன். அவர் கையில் மைக் ஆனில் இருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேன்.

நீ மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். பேக்கிங் செக்ஷன் பெண்கள் நாங்கள் எல்லோரும் கம்பெனி கேட்டுக்கு வெளியே தார்ப்பாய் கட்டி மழையில் உட்கார்ந்திருந்தோம். இத்தனை வருஷம் மூட்டை தைத்தோம், எங்களை நிரந்தரமாக்கு என்று கேட்டோம். கம்பெனி புது ஆட்களை பஸ்ஸில் கொண்டுவந்தது. ஜன்னல் எல்லாம் திரை. கேட் திறக்கும், பஸ் உள்ளே போகும், கேட் மூடும். அந்த பஸ்ஸில் நீ இருக்கிறாய் என்று ஏஞ்சலின் வந்து என் காதில் சொன்னாள். நீ சொல்லவில்லை. நான் கட்டிக்கொடுத்த சோற்றை வாங்கிக்கொண்டு, “இன்டர்வியூக்கு போறேம்மா” என்றுதான் தினமும் போனாய். உள்ளே ஆள் கிடைத்ததும் கம்பெனி எங்களை வீட்டுக்கு அனுப்பியது. என்னோடு உட்கார்ந்திருந்த பெண்கள் இன்றைக்கும் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் உன்னைப் பற்றி விசாரிப்பதில்லை. அது அவர்கள் எனக்குக் காட்டும் மரியாதை.

கேட்டை எப்படித் தாண்டுவது என்று மட்டும் எழுது.

சின்னப்பொண்ணு

*

பரூச்
22-7-2024

அம்மாவுக்கு,

இந்தத் தடவை நான் முடிக்கும்வரை நீ வாயைத் திறக்க முடியாது.

சொல்லியிருந்தால் விட்டிருப்பாயா? டிப்ளமா முடித்து எத்தனை இரும்புக் கம்பெனி வாசலில் நின்றேன்? ஆறு மாசம் கான்ட்ராக்ட், அப்புறம் வெளியே. அது உனக்கும் தெரியும். அந்த மாசம் இருவரும் வெளியே உட்கார்ந்திருந்தால் அடுப்பு எப்படி எரிந்திருக்கும்? நான் வாங்கிவந்த அரிசியைத் தொட மாட்டேன் என்று நீ டீ குடித்தே கிடந்தாய். உன் எதிரில் உட்கார்ந்து நான் அந்தச் சோற்றைத் தின்றேன். எது கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. நீ கேட்கவும் இல்லை.

திரையை நான் இழுத்து மூடவில்லை. எல்லாத் திரையையும் கம்பியில் சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். ஆனால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் பக்கமாகத்தான் நான் தினமும் இடம் பிடிப்பேன். திரைக்கும் ஜன்னல் ஓரத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்கும். பஸ் திரும்பும்போது உன் பச்சைப் புடவை ஒரு தடவை தெரியும். அது தெரிந்தால் அன்றைக்கு நீ எழுந்து வந்திருக்கிறாய், உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தம். பிறகு உள்ளே போய் வேலை பார்ப்பேன்.

கேட் விஷயம். ஏணியைக் கீழே போடு. கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு வெறுங்கையோடு ஓடு. ஏணி தோளில் இருக்கும்வரை அவனால் வேகமாக ஓட முடியாது. அவ்வளவுதான்.

சாம்சன்

*

புதுகும்மிடிப்பூண்டி
2-9-2024

சாம்சனுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாசத்துக்கு மேல் ஆகிறது. பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

நீ சொன்னபடி நான் செய்யவில்லை. ஏணிக்காரன் ஏணியை விட்டுவிட்டு உள்ளே போய் என்ன செய்வான்? அவன் பெயரே அதுதான். வேறு வழி இருக்கும் என்று தேடினேன். கேட்டுக்கு அடியில் ஏணியை முட்டுக்கொடுத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. சுவர்மேல் ஏறிப் பார்த்தேன், மேலே முள். பின்னால் போய் ஓடிவந்து குதித்தேன். ஆகஸ்ட் மாசம் முழுக்க இப்படியே போனது. ஏஞ்சலின் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு மோவாயில் கை வைத்துக்கொண்டாள்.

“இன்னாக்கா, தெனிக்கும் அதே எடத்துல செத்துக்கினு கீற. புள்ள சொன்னத செய்யேன்.”

“உன்ன யாரு கேட்டது? போய் உன் சீரியல பாரு.”

“சீரியல்ல ஒரு தபா செத்தா செத்ததுதான். இது ரொம்ப பேஜாரா கீதே.”

போன வாரம் கட்டைவிரல் மரத்துப்போய்த் தப்பான பட்டனில் பட்டது. ஏணி கீழே விழுந்தது. ஏணிக்காரன் ஓடினான். கேட் அவன் பின்னால் விழுந்தது. உள்ளே போய்விட்டான்.

நீ சொன்னதைக் கேட்டு நான் செய்யவில்லை. விரல் வழுக்கியது. இதை எழுதி வைத்துக்கொள்.

உள்ளே போனவன் ஏணி இல்லாமல் நிற்பதைப் பார்க்க என்னவோ போல் இருந்தது. தோள் காலியாக, சின்னதாக, அம்மணமாக நிற்பதுபோல. ஏழாவது கோட்டையில் ஏறிப் பிடிக்க ஒன்றும் இல்லை, எல்லாம் குதிதான். ஏழில் இரண்டு படி ஏறியதும் கரண்ட் போய்விட்டது. இதில் விட்ட இடத்திலிருந்து தொடர வழியில்லை. திரும்ப முதல் குழி.

மெஸ்ஸில் ஒரு வடநாட்டுப் பையன் காலையில், “மாஜி, நேத்து மத்தியானம் யாரோடு சண்டை போட்டீங்க, தெருவரைக்கும் கேட்டுச்சு” என்றான். அன்றைக்கு வீட்டில் நான் மட்டும்தான். சத்தமாகப் பேசுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆட்டத்தை நிறுத்தினால் பாட்டு நின்றுவிடுகிறது. நின்றால் பக்கத்துக் கம்பெனி மோட்டார் சத்தம்தான். அதனால் சமைக்கும்போதும் நிறுத்துவதில்லை. அவன் முதல் கோட்டையில் நின்றுகொண்டிருப்பான், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தப் பச்சைப் புடவை இன்னும் இருக்கிறது.

சின்னப்பொண்ணு

*

பரூச்
20-9-2024

அம்மாவுக்கு,

ஏழாவது கோட்டையில் வௌவால் வரும் வரிசை மாறாது. மேலே, மேலே, கீழே. அதை வாயால் சொல்லிக்கொண்டே குதி. மூன்றாவது படியில் நிற்காதே, அது உடையும். எட்டாவது கோட்டையில் ராஜா சம்மட்டி வீசுவான். அவனை அடிக்க முடியாது. அவன் வீசும் சம்மட்டியெல்லாம் தரையில் குவியும், அதன் மேல் ஏறி மேலே போக வேண்டும்.

கரண்ட்டுக்கு ஏஞ்சலின் அக்காவின் இன்வெர்ட்டரில் ஒரு வயர் கேள். ஜெரால்டு அண்ணன் ஜன்னல் வழியாக இழுத்துக்கொடுப்பார். கேட்க மாட்டாய் என்று தெரியும். நானே அவருக்குச் சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தை பரத்துக்கு வாசித்துக்காட்டினேன். விரல் வழுக்கியது என்ற இடத்தில் அவன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ தனியாகச் சத்தம் போட்டுப் பேசுவது மனசிலேயே நிற்கிறது.

டிசம்பரில் லீவு இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா?

சாம்சன்

*

புதுகும்மிடிப்பூண்டி
7-10-2024

சாம்சனுக்கு,

வர வேண்டாம்.

காரணம் கேட்பாய். நீ வந்தால் ரிமோட்டை வாங்கித் தாண்டிக்கொடுப்பாய். உன் அப்பா உனக்குச் செய்தது போல. எனக்கு அப்படி யாரும் தாண்டிக்கொடுக்க வேண்டாம். மழையில் உட்கார்ந்து பாதியில் எழுப்பப்பட்டவள் நான். அதன் பிறகு ஆரம்பித்த எதையும் முடிக்கவில்லை. இதையாவது நானாக முடிக்க வேண்டும்.

வயர் வந்தது. ஜெரால்டு, “சாம்சன் சொன்னான்க்கா” என்றதும் திருப்பி அனுப்பப் பார்த்தேன். அவர், “ஜன்னல்ல ஓட்ட போட்டாச்சுக்கா, இப்ப இன்னா பண்றது?” என்றார். ஓட்டை போட்ட பிறகு என்ன பேசுவது.

ஆகவே இப்படி வைத்துக்கொள்வோம். எட்டாவது கோட்டை முடிந்த பிறகு வா. அதற்கு முன்னால் இந்த வாசலில் கால் வைக்காதே. சொன்ன சொல்லை மாற்றுகிறவள் நான் இல்லை, உனக்குத் தெரியும். இது டிசம்பரிலும் முடியலாம், அடுத்த டிசம்பரிலும் முடியலாம். ராஜா இதுவரை என்னை எத்தனை தடவை கொன்றான் என்று கேட்காதே.

சம்மட்டி பற்றி எழுதியது உபயோகமாக இருக்கிறது. மற்றது எதற்கும் பதில் இல்லை.

சின்னப்பொண்ணு

*

பரூச்
21-10-2024

அம்மாவுக்கு,

சரி. எட்டாவது கோட்டையை முடி. பிறகு வருகிறேன்.

கட்டைவிரலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அவசரப்படாதே. நீ எழுதிக்கொண்டே இரு, எனக்கு அது போதும்.

சாம்சன்

*

புதுகும்மிடிப்பூண்டி
4-12-2024

சாம்சனுக்கு,

முடித்துவிட்டேன்.

மழை நாலு நாளாக விடவில்லை. மெஸ்ஸுக்குள் தண்ணீர் புகுந்து வேலை இல்லை. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. லோக்கல் ரயில்கூட ஓடவில்லை, அந்தச் சத்தமும் இல்லாமல் போனது. ஏஞ்சலின் குடும்பம் பொன்னேரியில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டது. வயரை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். வீட்டில் நானும் ஏணிக்காரனும்தான்.

நேற்று மத்தியானம் எட்டாவது கோட்டையில் கடைசி உயிரோடு நின்றேன். ராஜா சம்மட்டி வீசினான். குவிந்தது. ஏறினேன். இன்னும் வீசினான், இன்னும் ஏறினேன். அவன் கடைசிச் சம்மட்டியின் மேல் கால் வைத்து மேலே போனேன். ராஜா உட்கார்ந்துவிட்டான். கோபுரத்தில் கொடி ஏறியது. இதுவரை கேட்காத பாட்டு ஒன்று வந்தது.

முடித்துவிட்டேன் என்று சொல்லத் திரும்பினேன். அடுப்பு, அண்டா, கொடியில் காயாத புடவை. அவ்வளவுதான் இருந்தது. “சாம்சா, பாத்தியாடா” என்று வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். அதை இங்கே எழுத வேண்டியதில்லை, எழுதிவிட்டேன், அடிக்கவும் போவதில்லை.

பாட்டு முடிந்து டிவி கறுப்பானது. ஏதாவது எழுத்து வரும், படிக்கலாம் என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் கோட்டை வந்தது. அதே முதல் குழி. ஏணிக்காரன் அதே இடத்தில் நிற்கிறான், தோளில் ஏணி. ஆறாவது கோட்டை வாசலில் நான் போட்டுவிட்டு வந்த ஏணி.

டிவி கெட்டுப்போனது என்று நினைத்து, பக்கத்து மாடிப் பையனிடம் சாலமோனுக்குப் போன் போடச் சொன்னேன். சாலமோன் போனிலேயே சிரித்தான். “யம்மா, அந்த கேசட்டு அப்டித்தான். முடிவே கெடையாது, சுத்திக்கினே இருக்கும். உன் புள்ளைக்குத் தெரியுமே. சின்ன வயசுல நீ கம்பெனிக்கு போயிருந்தப்ப அவன் அழுத அழுகைல தெருவே கூடிச்சு, நான்தான் வந்து பாத்தேன்.”

ஆக உனக்குத் தெரியும். முடிவில்லாத ஆட்டம் என்று தெரிந்துகொண்டே, முடித்த பிறகு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். இன்டர்வியூவுக்குப் போகிறேன் என்றாயே, அது போல. நான் கோபத்தில் டிவியின் வயரைப் பிடுங்கிவிட்டேன். ராத்திரிச் சோறு வைக்கவில்லை. உன் கடிதங்களை எடுத்துக் கிழிக்க உட்கார்ந்தேன். கிழிப்பதற்கு முன்னால் கடைசிக் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். நீ எழுதிக்கொண்டே இரு, எனக்கு அது போதும் என்று இருந்தது. முதல் தடவை படித்தபோது அது என் கண்ணில் படவே இல்லை.

வருவதற்கு உனக்கே மனசில்லாமல் சரி என்றாயா, அல்லது நான் எழுதுவது நின்றுவிடும் என்று பயந்தாயா? கடிதத்தில் பதில் எழுதாதே. எழுதினால் பிரிக்க மாட்டேன். நேரில் சொல்.

நான் சொன்ன சொல் என்ன? எட்டாவது கோட்டை முடிந்த பிறகு வா என்றேன். எட்டாவது கோட்டை முடிந்துவிட்டது. அதன் பிறகு முதல் கோட்டை வந்தால் அது என் குற்றமில்லை. என் சொல் மாறவில்லை.

கம்பெனி விஷயத்தில் நீ செய்தது தப்பு. அது தப்புதான். கேரலில் சொன்னதை நான் திரும்ப எடுக்கவும் மாட்டேன். இந்த வருஷம் கேரல் ரவுண்டு வரும்போது பாஸ்டர் மைக்கை நீட்டினால், நீ வாசலில் நின்று உன் வாயால் சொல்லிக்கொள்.

காலையில் வயரைத் திரும்ப மாட்டினேன். இரண்டாவது சுற்றில் எல்லாம் வேகமாக வருகிறது. வௌவால் வரிசை மாறிவிட்டது. நாலாவது கோட்டையில் தண்ணீர் கழுத்தோடு நிற்காமல் தலைக்கு மேல் போகிறது, நின்று பார்த்தேன், செத்தேன். நீ அங்கே என்ன செய்தாய் என்று தெரியாது. இரண்டாவது ரிமோட்டைத் துடைத்து டிவி மேல் வைத்திருக்கிறேன். அதில் ஒரு பட்டன் அமுங்குவதில்லை, அழுத்திப் பிடிக்க வேண்டும்.

சென்ட்ரலில் இறங்கினால் கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடி. ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் வராதே, ரோடு முழுக்கப் பள்ளம், நடந்தே வா. வாசலில் நின்று கூப்பிடாதே. ஆட்டம் நடுவில் இருந்தால் நான் எழுந்து வர மாட்டேன்.

கதவு தாழ் போடாமல் இருக்கும்.

அம்மா